அரை சேக்கல் வெள்ளியின் மேல் நின்ற கூடாரம்

பொன் என்றால் தெய்வீகம், வெள்ளி என்றால் மீட்பு, வெண்கலம் என்றால் நியாயத்தீர்ப்பு, நீலம் என்றால் பரலோகம். எகிப்தை விட்டு வந்த இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கழற்றிச் சுமந்து திரிந்த கோயில்தான் ஆசரிப்புக் கூடாரம். ஓய்வுநாள் பள்ளிக்குப் போய் வளர்ந்த பலருக்கும் அது இப்படி ஒரு வாய்பாடாகத்தான் அறிமுகமாகியிருக்கும். எனக்கும் அப்படித்தான். கன்வென்ஷன் கூட்டங்களில் பெரிய துணிப்படம் ஒன்றை மாட்டி, பிரசங்கியார் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டி விளக்குவார். அந்த விளக்கங்களில் அழகு உண்டு. பல தலைமுறைகளின் பக்தி அதில் ஊறியிருக்கிறது. ஆனால் வேதாகமத்தில் கூடாரத்தை விவரிக்கும் யாத்திராகமத்தின் பிற்பாதியையும், பின்னாளில் சாலொமோன் கட்டிய ஆலயத்தை விவரிக்கும் இராஜாக்களின் புத்தகங்களையும் பொறுமையாக வாசித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. ஒரு பொருள் எதைக் குறிக்கிறது என்று அந்த நூல்கள் அநேகமாக எங்கும் சொல்வதில்லை. அது யாரிடமிருந்து வந்தது, எப்படி வந்தது, எந்தக் கருவி அதன்மேல் பட்டது என்பதைத்தான் விடாமல் எழுதிவைக்கின்றன. பொருளின் அர்த்தம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வெள்ளியை எடுத்துக்கொள்வோம். யாத்திராகமம் 38ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி ஒரு கணக்குப் பதிவு. வாசிப்புத் திட்டம் போட்டு வேதம் படிப்பவர்கள்கூட அங்கே வேகமாகப் புரட்டிவிடுவார்கள். தாலந்தும் சேக்கலும் அக்கால எடை அளவுகள். பொன் 29 தாலந்து 730 சேக்கல். வெண்கலம் 70 தாலந்து 2,400 சேக்கல். வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல். இதில் வெள்ளிக்கு மட்டும் வந்த வழியும் எழுதியிருக்கிறது: 20 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் 6,03,550 பேர், தலைக்கு அரை சேக்கல். அதைக் கூட்டினால் 3,01,775 சேக்கல். ஒரு தாலந்து 3,000 சேக்கல் என்பதால், 100 தாலந்து போக மிச்சம் 1,775. கணக்கு ஒரு சேக்கல்கூடப் பிசகவில்லை.

சரி, அந்த 100 தாலந்து எங்கே போனது? கூடாரத்தின் சுவர் 48 பலகைகள். ஒவ்வொன்றும் 10 முழ உயரம். ஒவ்வொரு பலகைக்கும் அடியில் இரண்டு வெள்ளிப் பாதங்கள், ஆக 96. கூடாரத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரை தொங்கும் நான்கு தூண்களுக்கு நான்கு பாதங்கள். மொத்தம் 100 பாதங்கள், ஒவ்வொன்றும் ஒரு தாலந்து. மிச்சமிருந்த 1,775 சேக்கல் பிராகாரத் தூண்களின் கொக்கிகளுக்கும் மேல்பூச்சுக்கும் போனது. ஒரு சேக்கல் ஏறக்குறைய 11.3 கிராம். அப்படியானால் ஒரு பாதம் சுமார் 34 கிலோ வெள்ளி. அந்த ஒரு பாதத்துக்குள் 6,000 பேருடைய அரை சேக்கல் உருகிக் கிடக்கிறது.

இதற்கு முன்பே, 30ஆம் அதிகாரத்தில், ஒரு கட்டளை வந்துவிடுகிறது: ஐசுவரியவான் அரை சேக்கலுக்கு அதிகமாகக் கொடுக்கக் கூடாது, தரித்திரன் குறைவாகக் கொடுக்கக் கூடாது. பொன்னுக்கு அந்த விதி கிடையாது. மனமுள்ளவர்கள் கொண்டுவந்தார்கள், வளையல், காதணி, மோதிரம் என்று வந்து குவிந்து, போதும் நிறுத்துங்கள் என்று மோசே பாளயத்தில் அறிவிக்கவேண்டிய அளவுக்கு ஆகிவிட்டது. யார் எவ்வளவு பொன் கொடுத்தார் என்பதில் ஏற்றத்தாழ்வு இருந்திருக்கும். ஆனால் அந்தப் பொன் போர்த்திய பலகைகள் எல்லாம் தரையில் ஊன்றி நின்றது சமமாகக் கொடுத்த வெள்ளியின் மேல். 6,000 பேர் சேர்ந்த ஒரு பாதத்தில் எந்தத் துளி எவனுடையது என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளி மீட்பைக் குறிக்கிறது என்ற வாய்பாட்டுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். அந்த அரை சேக்கலை ஆத்துமாவை மீட்கும் பணம் என்று யாத்திராகமமே அழைக்கிறது. வாய்பாடு முடிவை மட்டும் சொல்கிறது. கணக்கை வாசித்தால் அது கனக்கிறது.

2018இல் எருசலேமில், ஆலய மேற்குச் சுவரின் அடிவாரத்திலிருந்து எடுத்த மண்ணைச் சலித்தபோது ஒரு சிறு எடைக்கல் கிடைத்தது. முதல் ஆலயக் காலத்தது, அதாவது சாலொமோன் கட்டிய ஆலயம் நின்ற காலத்தது. அரை சேக்கலைக் குறிக்கும் எபிரெயச் சொல் அதில் பொறித்திருக்கிறது. ஆனால் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி நிற்கின்றன. முத்திரை வெட்டிப் பழகிய கை போலிருக்கிறது, பழக்கதோஷத்தில் திருப்பிப் பொறித்துவிட்டது என்று அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள். விரலிடுக்கில் அடங்கும் அந்தக் கல்லின் படத்தைப் பார்த்த பிறகு 38ஆம் அதிகாரம் எனக்கு வறண்ட கணக்காகத் தெரிவதே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கூடார விவரிப்பை எழுதியவர்கள் ஆசாரிய மரபினர் என்றும், இன்றைய வடிவில் அது பாபிலோன் சிறையிருப்புக் காலத்தையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்தது என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வனாந்தரத்தில் ஆறு லட்சம் ஆண்கள் இருந்தார்கள் என்பதற்குத் தொல்லியல் சான்று இல்லை. அதே சமயம் மரத்தில் பொன்தகடு போர்த்துவது, கழற்றி மாட்டும்படியான கூடாரம் அமைப்பது எல்லாம் எகிப்தில் புழங்கிய வேலைதான். எகிப்திய மன்னன் துட்டன்காமுன் கல்லறையில் பொன்போர்த்திய மரக்கூடுகள் கிடைத்திருக்கின்றன. தெற்கே திம்னா பள்ளத்தாக்கின் செப்புச் சுரங்கப் பகுதியில், எகிப்தியர் கட்டிய ஆத்தோர் தேவியின் கோயிலைப் பாலைவன இனத்தவரான மீதியானியர் பிறகு கூடாரக் கோயிலாக மாற்றியிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள் கம்பளித் துணி எச்சங்களும், தலைக்குப் பொன் பூசிய செப்புச் சர்ப்பம் ஒன்றும் 1969 அகழாய்வில் அங்கே கிடைத்தன. ஆகவே கூடாரக் கோயில் என்ற எண்ணம் அந்த மண்ணுக்கு அந்நியமானது இல்லை. இந்தக் கட்டுரையில் நான் பேசுவது, எழுதியவர்கள் பொருள்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதைத்தான்.

வெண்கலத்துக்கு வருவோம். ஆசாரியர் கைகால் கழுவும் தொட்டி எதிலிருந்து வந்தது என்பதை ஒரே ஒரு வசனம் சொல்கிறது, 38:8. கூடார வாசலில் ஊழியம் செய்யக் கூடிவந்த பெண்களின் கண்ணாடிகளைக் கொண்டு அது செய்யப்பட்டது. அந்தக் காலத்துக் கண்ணாடி என்பது மெருகேற்றிய வெண்கல வட்டு, அடியில் ஒரு கைப்பிடி. எகிப்தியக் கல்லறைகளில் ஏராளமாகக் கிடைக்கிறது. பெட்டி, மேஜை, பலிபீடம் எல்லாவற்றுக்கும் முழக்கணக்கு சொல்லும் நூல் இந்தத் தொட்டிக்கு அளவே சொல்லவில்லை. வந்த கண்ணாடிகள் அத்தனையையும் உருக்கி வார்த்தார்கள், அதனால்தான் அளவு இல்லை என்று வாசிக்க எனக்குப் பிடிக்கும்.

11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்ற யூத உரையாசிரியர் இந்த வசனத்துக்கு ஒரு பழைய கதையை எடுத்துச் சொல்கிறார். அலங்காரத்துக்கும் ஆசைக்குமான பொருள் பரிசுத்த இடத்துக்கு எதற்கு என்று மோசே அருவருத்தாராம். எல்லாவற்றையும்விட எனக்குப் பிரியமானவை இவைதான், வாங்கிக்கொள் என்றாராம் ஆண்டவர். எகிப்தில் செங்கல் சுமந்து சோர்ந்துபோன கணவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோன பெண்கள், இந்தக் கண்ணாடியில் இருவர் முகத்தையும் சேர்த்துக் காட்டி, விளையாட்டாகப் பேசி அவர்கள் மனதை எழுப்பினார்கள்; அடிமைத்தனத்திலும் பிள்ளைகள் பிறந்தது அதனால்தான் என்பது கதை. தொட்டியில் கழுவாமல் உள்ளே போனால் ஆசாரியன் சாவான் என்று சட்டம் இருக்கிறது. அதாவது, ஒவ்வொரு ஆசாரியனும் பெண்களின் கண்ணாடி வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். வெண்கலம் என்றால் நியாயத்தீர்ப்பு என்று ஒற்றை வார்த்தையில் முடிக்கும்போது இந்தப் பெண்கள் காணாமல் போய்விடுகிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

கூடாரத்துக்குள் நடந்து பார்த்தால் உலோகங்களின் வரிசை புரியும். வெளிப் பிராகாரத்தில் தூண்களின் பாதம் வெண்கலம், கொக்கி வெள்ளி. கூடார வாசலில் ஐந்து தூண்கள்: உடலில் பொன், பாதம் மட்டும் இன்னும் வெண்கலம். உள்திரையின் நான்கு தூண்களுக்கு உடலில் பொன், பாதம் வெள்ளி. அதற்கு அப்பால் உடன்படிக்கைப் பெட்டி, அதன்மேல் மூடியாகப் பசும்பொன் கிருபாசனம். எல்லைக்கோட்டில் நிற்கும் தூண் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சம் சுமக்கிறது. துணியும் இதே ஒழுங்கில்தான் போகிறது. பிராகாரத்துத் தொங்குதிரை வெறும் மெல்லிய பஞ்சுநூல். நம் வேதாகமம் பஞ்சுநூல் என்றும் சணல்நூல் என்றும் சொல்வது ஆளிச்செடி நாரில் எடுத்த நூலைத்தான். வாசல் திரையில் நீலம், இரத்தாம்பரம் என்ற ஊதா, சிவப்பு சேர்கின்றன. உள்திரையில் சிறகுள்ள கேருபீன்களின் உருவமே நெய்யப்படுகிறது. ஆனால் வெளியே நின்று பார்ப்பவனுக்கு இது எதுவும் தெரியாது. மேலே வெள்ளாட்டு மயிர்க் கம்பளி, அதன்மேல் சிவப்புச் சாயம் தோய்த்த ஆட்டுக்கடாத் தோல், அதற்கும் மேல் தகசு என்ற விலங்கின் தோல். தூரத்திலிருந்து பார்த்தால் தோல் போர்த்திய ஒரு நீளக் கூடாரம், அவ்வளவுதான்.

மரம்கூட அந்த வனாந்தரத்து மரம்தான். சீத்திம் மரம் என்று நம் வேதாகமம் சொல்வது நம்மூர்க் கருவேலத்தின் உறவுக்காரன். முள்ளும் கோணலுமாக, தண்ணீரில்லாத ஓடைக்கரையில் நிற்பது. சீனாயிலும் நெகேவிலும் கிடைக்கும் மரம் அநேகமாக அது ஒன்றுதான். பெட்டி, மேஜை, தூபபீடம் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது அந்த முள்மரம்.

சாயங்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நீலமும் இரத்தாம்பரமும் மத்தியதரைக் கடலின் முள்சங்கு வகை நத்தைகளிலிருந்து வருபவை. நத்தையின் உடலில் ஒரு சிறு சுரப்பி. அதிலிருந்து எடுக்கும் நீர் முதலில் நிறமற்று இருக்கும்; காற்றுப் பட்டதும் பச்சை, பிறகு ஊதா என்று மாறும். ஒருவகை நத்தையின் சாயக் கரைசலை வெயிலில் வைத்தால் அதிலுள்ள புரோமின் கழன்று, சுத்த நீலம் கிடைக்கிறது என்பதை 1980களில் இஸ்ரேலிய வேதியியலாளர் ஒருவர் கண்டுபிடித்தார். 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் பால் ஃபிரீட்லேண்டர் 12,000 நத்தைகளை உடைத்து எடுத்த சாயம் 1.4 கிராம். ஒரு திரைக்கு எத்தனை நத்தை என்று யோசித்தால் தலை சுற்றும். அப்படிப்பட்ட இரத்தாம்பரச் சாயமேறிய கம்பளி இழைகள், ஏறக்குறைய தாவீது, சாலொமோன் காலத்தவை, திம்னாவின் வறண்ட காற்றில் கெடாமல் கிடைத்தன. 2021இல் அந்த முடிவுகள் வெளியாயின. சிவப்பு மட்டும் வேறு வழி: கருவாலி மரத்தில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சியை உலர்த்தி எடுக்கும் சாயம்.

இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், செதிளும் துடுப்பும் இல்லாத கடற்பிராணியை இஸ்ரவேலர் உண்ணக் கூடாது. பூச்சியும் ஆகாது. ஆட்டுமயிரையும் பஞ்சுநூலையும் கலந்து நெய்த துணியைச் சாதாரண ஆள் உடுத்தக் கூடாது. உணவில் விலக்கான நத்தையும் பூச்சியும், உடையில் விலக்கான கலப்பும் ஒன்றாகச் சேரும் இடம் மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரை. விலக்கியது அசுத்தம் என்பதால் மட்டும் இல்லை, சில சேர்க்கைகள் அந்த ஓர் இடத்துக்கென்றே ஒதுக்கிவைக்கப்பட்டவை என்று ஆகிறது.

முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் திரையின் இந்த நான்குக்கும் பொருள் சொல்கிறார். பஞ்சுநூல் மண், ஏனென்றால் ஆளிச்செடி மண்ணில் முளைக்கிறது. இரத்தாம்பரம் கடல், அந்தச் சாயம் கடல் உயிரியின் இரத்தம். நீலம் காற்று, சிவப்பு நெருப்பு. ஆக, வாய்பாடு போடும் பழக்கம் புதிதில்லை. ஆனால் கவனியுங்கள், மண்ணையும் கடலையும் அவர் எங்கிருந்து எடுக்கிறார்? அந்த இழையும் சாயமும் பிறந்த இடத்திலிருந்து.

இவ்வளவு பொன்னும் நிறமும் தாண்டி, வருஷத்துக்கு ஒரு நாள், பாவநிவாரண நாளில், பிரதான ஆசாரியன் மட்டும் திரைக்குள்ளே போவான். அன்றைக்கு அவன் உடம்பில் பொன் கிடையாது. மார்ப்பதக்கம் இல்லை, ஏபோத் என்ற மேலாடை இல்லை, பொன்மணி கட்டிய அங்கி இல்லை. லேவியராகமம் 16 சொல்வது வெறும் சணல்நூல் சட்டை, சல்லடம், கச்சை, பாகை. ஏன் என்பதற்கு யூதரின் பழைய சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத் ஒரு காரணம் தருகிறது: குற்றம் சாட்டுபவன் பரிந்து பேசுபவனாக முடியாது. காதணிகளைக் கழற்றிக் கொடுத்து மக்கள் பொன் கன்றுக்குட்டி வார்த்தார்கள் அல்லவா. மன்னிப்புக் கேட்கப் போகும் நாளில் அந்தப் பொன்னைப் போட்டுக்கொண்டு போனால் அதுவே சாட்சியாக எழுந்து நிற்கும். கன்றுக்குட்டிக்கும் காதணி, கூடாரத்துக்கும் காதணி. ஒரே பொருள் இரண்டு இடத்துக்கும் போயிருக்கிறது என்பதை அந்த மரபு மறக்கவே இல்லை.

அப்புறம் கல். யாத்திராகமம் 20இல் பலிபீடத்தை மண்ணால் செய் என்கிறது. கல்லால் செய்தால் வெட்டின கல்லாகச் செய்யாதே, உன் உளி பட்டால் அது பரிசுத்தக் குலைச்சலாகும். இந்தச் சட்டத்தை அப்படியே கையால் தொட்டதுபோல ஓர் இடம் நெகேவ் பாலைவனத்தில் இருக்கிறது. தெல் ஆராத் கோட்டையில் யோகனான் அகரோனி 1960களில் தோண்டியபோது யூதா ராஜ்ய காலத்து ஒரு சிறு கோயில் வெளிப்பட்டது. முற்றத்தில் மண்ணும் வெட்டாத கல்லும் சேர்த்துக் கட்டிய சதுரப் பலிபீடம், பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர். யாத்திராகமம் சொல்லும் ஐந்து முழம் கிட்டத்தட்ட அதுதான். அங்கிருந்து அதிக தூரமில்லாத பெயெர்செபாவில் அதே அகரோனி 1973இல் கண்டது இதற்கு நேர் எதிர். அழகாகச் செதுக்கிய கொம்புக் கற்கள், ஒரு கல்லில் பாம்பு உருவம். அந்தப் பலிபீடத்தைப் பிரித்துப்போட்டு, கற்களைக் கிடங்குச் சுவரில் வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆக, சட்டம் ஒன்று. நடைமுறை இரண்டாக இருந்திருக்கிறது.

உளி ஏன் கூடாது? யூதரின் பழைய வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா தரும் பதில் நேரடியானது. இரும்பு மனிதனின் நாள்களைக் குறைக்கப் படைக்கப்பட்டது, பலிபீடம் அவன் நாள்களை நீட்டிக்கப் படைக்கப்பட்டது. குறைப்பதை நீட்டிப்பதன்மேல் ஓங்குவது தகாது. சாலொமோன் ஆலயம் கட்டும்போதும் இந்த நினைவு இருந்தது. கற்களைச் சுரங்கத்திலேயே பொளிந்து கொண்டுவந்தார்கள். கட்டும் இடத்தில் சுத்தியல் சத்தமோ வாச்சிச் சத்தமோ கேட்கவில்லை. உள்ளே போனால் எல்லாம் கேதுரு பலகை, கல் கண்ணில் படவே இல்லை.

அந்தக் கேதுரு மரத்தின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. லீபனோனில் வெட்டி, கடலில் தெப்பமாகக் கட்டி மிதக்கவிட்டு அனுப்பியவன் கடலோர நகரமான தீருவின் ராஜா ஈராம். அதற்கு வருஷந்தோறும் 20,000 கலம் கோதுமை போனது. இஸ்ரவேலில் 30,000 பேர் கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்டு, மாதத்துக்குப் பத்தாயிரம் பேராக லீபனோனுக்கு அனுப்பப்பட்டார்கள். மலையில் கல்வெட்டுபவர் 80,000, சுமப்பவர் 70,000. எல்லாம் முடிந்த பிறகு, மரத்துக்கும் பொன்னுக்கும் ஈடாகக் கலிலேயாவில் 20 ஊர்களை ஈராமுக்குக் கொடுத்தார் சாலொமோன். அவன் வந்து பார்த்தான், பிடிக்கவில்லை. அந்த 20 ஊர்க்காரர்களைப் பற்றி நூல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கூடாரத்துக்கு மனமுள்ளவர்கள் கொண்டுவந்தார்கள், ஆலயத்துக்கு ஆட்களைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். இரண்டு கணக்கையும் எழுதிவைத்தவர்கள் இந்த வித்தியாசத்தை மறைக்கவில்லை. கட்டாய வேலைக்குத் தலைவனாக இருந்தவன் அதோனீராம். சாலொமோன் இறந்தபின் அதே பொறுப்பில் இருந்த அதோராமை அவர் மகன் ரெகொபெயாம் மக்களிடம் அனுப்பினான். இருவரும் ஒரே ஆள் என்றே பொதுவாகக் கருதுகிறார்கள். இஸ்ரவேலர் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள், ராஜ்யம் இரண்டாக உடைந்தது. அப்படி வந்த பொன்னும் நிற்கவில்லை. ரெகொபெயாமின் ஐந்தாம் வருஷத்தில் எகிப்தின் ராஜா சீஷாக் வந்து பொன் கேடயங்களை வாரிக்கொண்டு போனான். அவற்றுக்குப் பதில் வெண்கலக் கேடயம் செய்துவைத்தார்கள். கி.மு. 701இல் அசீரியாவின் சனகெரிப்புக்குக் கப்பம் கட்ட, யூதா ராஜா எசேக்கியா ஆலயக் கதவுகளில் தானே பதித்திருந்த பொன்தகடுகளை உரித்துக் கொடுத்தார். நூறு வருஷம் கழித்து, கூலி கொடுக்காமல் வேலை வாங்கிக் கேதுரு பதித்த அரண்மனை கட்டிய யோயாக்கீமைப் பார்த்து, கேதுருவில் போட்டி போடுவதாலா நீ ராஜா என்று தீர்க்கதரிசி எரேமியா கேட்டார். எனக்குச் சாலொமோனின் ஆலயத்தைவிட அந்தத் தோல் போர்த்திய கூடாரம்தான் பெரிதாகத் தெரிகிறது. அதற்குக் காரணம் இந்தக் கணக்குகள்தான்.

அரை சேக்கல் மட்டும் பிழைத்துக் கிடந்தது. சிறையிருப்புக்குப் பின் திரும்பக் கட்டிய இரண்டாம் ஆலயத்தின் காலத்தில் அது ஆண்டு வரியாகி, ரோமப் பேரரசின் மூலைமுடுக்கிலிருந்த யூதர்களிடமிருந்தெல்லாம் எருசலேமுக்கு வந்தது. கட்ட வேண்டியது தீருவின் வெள்ளி நாணயத்தில். அதன் ஒரு பக்கம் தீருவின் தெய்வம் மெல்கார்த்தின் தலை, மறுபக்கம் கழுகு. சுற்றிலும் புழங்கிய மற்ற நாணயங்களைவிட அதன் வெள்ளி சுத்தமாக இருந்ததால் உருவத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். கி.பி. 66இல் ரோமுக்கு எதிராக எழுந்தவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, உருவமில்லாத தங்கள் சொந்த வெள்ளிச் சேக்கலையும் அரை சேக்கலையும் அச்சடித்தது. 70இல் ஆலயம் எரிந்தது. ரோமின் யூப்பித்தர் கோயிலும் அதற்குச் சற்று முன்பு, 69இல், உள்நாட்டுப் போரில் எரிந்திருந்தது. பேரரசர் வெஸ்பாசியன் யூதர்களின் அரை சேக்கல் வரியை நிறுத்தவில்லை. அதே தொகையை இனி யூப்பித்தருக்குக் கட்ட வேண்டும் என்று மாற்றினார். முன்பு வயதுவந்த ஆண்கள் மட்டும் கட்டியதைப் பெண்களும் பிள்ளைகளும் கட்டவேண்டியதாயிற்று. எகிப்தில் எத்ஃபூ என்ற ஊரில் கிடைத்த உடைந்த பானை ஓடுகளில் அந்த வரிக்கான ரசீதுகள் இருக்கின்றன: கட்டியவர் பெயர், தொகை, தேதி.